கறுப்பா, நீலமா?

"கறுப்புன்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க, நீலம்னா ரெண்டு தடவை" என்கிறார் அத்தான். நாற்காலியில் மல்லாந்து கிடப்பவரின் வாய் நிறையப் பஞ்சும் குழாயும். கண்ணைத் தவிர அவருக்கு வேறு வாக்குரிமை இல்லை. ஒரு தடவை மூடுகிறார். கறுப்புக்காக மூடினாரா, பயத்தில் மூடினாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. அத்தான் டிரில்லைக் கையில் எடுத்தபடி, "நீலத்தைக் கட்டிப் பாத்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க" என்று வருத்தப்படுகிறார்.

விஷயம் இரண்டு கைக்கடிகாரங்கள். இரண்டும் கடலுக்குள் முங்குகிறவர்களுக்காகச் செய்தவை. கறுப்பு முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும். நீலம் அறுநூறு. நீலத்தின் விலாவில் ஹீலியம் வெளியேற ஒரு சின்னத் திருகுகூட உண்டு. ஹீலியத்தோடு அத்தானுக்கு இருந்த ஒரே தொடர்பு மகளின் பிறந்தநாள் பலூன்கள்தான். ஆழமும் அப்படித்தான். குளியலறையில் தலைக்கு ஊற்றுவதற்கு முன்பே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறவர் அவர்.

அவர் என் அக்காவின் கணவர், பல் டாக்டர். என்னிடம் காசு வாங்குவதில்லை, காதைத்தான் வாங்குகிறார். என் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர்ச் சிகிச்சை முடிவதற்குள் இரண்டு வாட்ச்களின் ஜாதகமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "கறுப்பு நம்மள மதிக்கும் மாப்ள. நீலத்த நாம மதிக்கணும்" என்பார். இன்னொரு நாள், "நீலத்துல அலை செதுக்கியிருக்கான். கறுப்புல ஒண்ணுமே இல்ல, அதான் அதோட அழகு" என்பார். கையுறை போட்டுச் செய்கிற வேலை, ஆகவே எது வந்தாலும் பகல் முழுக்க மேஜை இழுப்பறையில்தான் தூங்கும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் சரியானதா எடுக்கணும்கிறேன்" என்றார். எதனால் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் கடைக்குப் போவார். ஆரம்பத்தில் அங்கே அவருக்குக் காபி வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. இப்போது விற்பனைப் பெண்மணி அவர் தலை தெரிந்ததுமே வெல்வெட் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பாதியில் விட்ட குறுக்கெழுத்துக்குத் திரும்பிவிடுகிறார். அத்தான் இடது கையில் கறுப்பையும் வலது கையில் நீலத்தையும் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். நான்கு பக்கமும் திரும்புவார். கைகளைப் பின்னால் கட்டுவார், யாரோ கூப்பிட்டதுபோல் ஒன்றை மட்டும் நீட்டுவார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, கையில் விலங்கு மாட்டிய ஒருவர் நாட்டியம் பழகுவதுபோலத் தெரியும். கடைசியில் இரண்டையும் தன் கைக்குட்டையாலேயே துடைத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் தெளிவாயிடும்மா" என்று கிளம்புவார். ஒன்றரை வருஷமாக அடுத்த வாரம் தெளிந்துகொண்டிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் நிஜமாகவே கடலுக்குள் முங்குகிற ஆள் அவருடைய மகள். பவளப்பாறைகளை ஆராய்கிற வேலை. அவள் கையில் இருப்பது பட்டை அறுந்து ஒட்டுப்போட்ட ரப்பர் வாட்ச். அதைப் பார்க்கும்போதெல்லாம், வேறு டாக்டர் அடைத்த பல்லைப் பார்க்கிற முகம் அத்தானுக்கு வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவள், ஒருமுறை வாருங்கள், தண்ணீருக்குள் நான் என்ன செய்கிறேன் என்று காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாட்ச் ஒன்று முடிவாகட்டும் என்று இவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூவரும் இருந்தபோது அவள் போன் செய்தாள். இங்கே வேலை முடியப்போகிறது, அடுத்தது பனி உறைகிற கடல், அங்கே யாரையும் கூட்டிப்போய்க் காட்ட முடியாது, அதனால் இப்போதே வந்தால்தான் உண்டு என்றாள். கழுத்தளவு தண்ணீர்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். அத்தான் வழக்கமான பதிலைச் சொன்னார். "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் அக்கா வக்கீல். குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தவே மாட்டாள் என்று பெயர். வீட்டிலும் அப்படித்தான்.

"வாட்ச் இல்லாம தண்ணில இறங்கினா என்னாகும்?" என்றாள்.

"நேரம் தெரியாது."

"கழுத்தளவு தண்ணில எதுக்கு நேரம்?"

அத்தான் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார்.

"உங்களுக்கு எதை வாங்குறதுன்னு தெரியாம இல்ல. எதையாவது வாங்கிட்டா இறங்கணுமேன்னுதான் இழுத்துக்கிட்டு இருக்கீங்க."

நான் மெதுவாக எழுந்து கை கழுவப் போகலாமா என்று யோசித்தேன். அத்தான் என்னைத் தடுப்பதுபோல் கையை மேஜைமேல் வைத்தார். "காது அடைக்கும்ல" என்றார். "தலை உள்ள போனதும் காது அடைச்சு ஒரு சத்தம் கேக்கும் பாரு. அப்ப யாரும் நம்மகூட இல்லாத மாதிரி இருக்கும். இத எப்படிப் பாப்பாகிட்ட சொல்றது? அது அங்கதான் தினமும் போய்ட்டு வருது."

அக்கா மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். வக்கீல்கள் வழக்கை முடித்துக்கொள்வது அப்படியும் உண்டு போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். தட்டு வந்தது. அத்தான் எதையும் கட்டிப் பார்க்காமல், "கறுப்பக் குடுங்கம்மா" என்றார். பெண்மணி குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கி, கட்டிப் பார்க்கவா, வாங்கவா என்று தெளிவுபடுத்திக்கொண்டார். ரசீது போடும் வரை ஒரு கண் அவர் மீதே இருந்தது. ஏன் கறுப்பு என்று வெளியே வந்ததும் கேட்டேன். "தண்ணியும் நீலம், வாட்சும் நீலம்னா கை எங்க இருக்குன்னே தெரியாதே மாப்ள" என்றார். ஒன்றரை வருஷ ஆராய்ச்சியில் இந்தக் காரணம் ஒருநாளும் தலைகாட்டியதில்லை.

மகளின் கடற்கரைக்கு மூவருமாகப் போனோம். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய் எல்லாம் மாட்டியபின் அத்தானைப் பார்க்க அவருடைய நோயாளியைப் போலவே இருந்தது. வாயைத் திறந்து வைத்திருக்கிறார், பேச முடியவில்லை, கண் மட்டும் உருள்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வாட்சின் வளையத்தைக் கடகடவென்று திருகினார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு மகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல்முறை முகத்தை வைத்ததும் எடுத்துவிட்டார். இருமினார். மகள் பக்கத்திலேயே நின்றாள். இரண்டாவது முறை தலை உள்ளேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கையை விடுவித்து, கட்டைவிரலை அமர்க்களமாக உயர்த்திக் காட்டினார். அடுத்த நொடி மகள் அவரைச் சட்டையோடு பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"நல்லாத்தானே இருந்தேன், ஏன் தூக்கின?" என்று கோபித்துக்கொண்டார். கரைக்கு எல்லாம் கேட்கிற தூரம்தான்.

"கட்டைவிரலைக் காட்டினா மேல போகணும்னு அர்த்தம்ப்பா. நல்லா இருக்குன்னா விரலை இப்படி வட்டமா வைக்கணும்."

அத்தானுக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை. "அங்க ஒரு மீன் பாப்பா, பச்சையா. பல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய்க் கிடக்கு. அத வச்சுக் கல்லக் கடிக்குது."

"கிளிமீன்ப்பா. பாறையச் சுரண்டித் தின்னும்."

"பல்லு தேயாது?"

"தேயும். திரும்ப வளந்துகிட்டே இருக்கும்."

"அப்ப என் பொழப்பு அங்க நடக்காது" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே குழாயைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

இந்தத் தடவை வெளியே வரவே இல்லை. மகளும் அவரும் பாறையை ஒட்டி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் கை எதைப் பார்த்தாலும் சுட்டியது, மகளின் தலை ஆடியது. முங்கவில்லை, மிதக்கத்தான் செய்கிறார் என்று நான் சொல்லியும் அக்கா உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். "போதும், வாங்க" என்று அவள் குரலை உயர்த்தியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மகள் அவர் தோளைத் தட்டிக் கரையைக் காட்டினாள். அத்தான் தலையைத் தூக்கவில்லை. முதுகும் குழாயும் மட்டும் வெளியே தெரிய, ஒரு கை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு வட்டம். அக்கா புடவையை விட்டுவிட்டு, தன் விரல்களையும் அதேபோல் வளைத்துத் தூக்கிக் காட்டி, மகள் அதைப் பார்த்து அவர் முதுகில் தட்டும் வரை அந்தக் கை இறங்கவில்லை.