பெர்கன் மழையைக் கீழே இறக்கியவள்

வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில், மலைக்கு அப்பால் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கன் நகரத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அது மழையில்தான் போய் முடியும். அங்கே கல்யாணத்துக்கும் ரப்பர் பூட்ஸோடுதான் போவார்கள், வெயில் அடித்தால் பயந்துபோய்ப் போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அளந்துவிடுவார்கள். ஹெர்டிஸ் அதைக் கேட்டே வளர்ந்தவள். அந்தப் பேச்சு ஒருநாள் அவளுடைய கணக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று யார் கண்டது?

அவள் அப்பா மர அறுவை மில் வைத்திருந்தார். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓர் ஈஸ்டரின்போது மலைப்பனி முழுக்கப் பழுப்பாகிவிட்டது. மில் தூசிதான் இப்படிப் பண்ணுகிறது என்று ஊர் அப்பாமேல் பழி போட்டது. ஹெர்டிஸ் ஒரு கை பனியை அள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். பல்லில் நறநறத்தது. மரத்தூள் நறநறக்காது, இது மணல் என்றாள். மலை உச்சிக்கு மணல் எங்கிருந்து வரும் என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, பழியோடே இருந்து, பழியோடே போய்ச் சேர்ந்தார். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மணல் என்று அவளுக்குத் தெரிந்தபோது அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள்.

ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு காற்று ஆய்வு நிலையத்தில் வேலை. அங்கே கணினிக்குள் அவளுக்கென்று ஒரு பூமி இருந்தது. அதன் காற்றை, அப்பா மரம் அறுத்த மாதிரி, பெட்டி பெட்டியாக அறுத்து வைத்திருந்தாள். சஹாராவில் புயல் கிளம்பினால் ஒரு பெட்டி தன் தூசியைப் பக்கத்துப் பெட்டியிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம் கொடுக்கும். கனமான மணல் வழியிலேயே விழுந்துவிடும். மிச்சத்தில் ஒரு பங்கை மழை கழுவும். எந்த உயரத்திலிருந்து எவ்வளவு கழுவும் என்பதை எழுதி வைத்தவள் அவள்தான். ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் கணக்கு அச்சாகப் பொருந்தியது. சொந்த ஊர் என்று வந்தபோதுதான் காலை வாரிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை ஊரே நெஞ்சில் எண் அட்டையைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்குப் பந்தயத்தில் இறங்கும். பந்தயம் நடத்தும் மன்றத்துக்கு அவளுடைய அண்ணன் அஸ்லே தலைவன். போன வருடம் அவன் போன் போட்டு, தூசி வருமா என்று கேட்டான். வராது, கரையிலேயே மழை கழுவிவிடும் என்றாள். சனிக்கிழமை காலை தூசி வந்து இறங்கியது. சறுக்குப் பலகைகள் உப்புத்தாளில் இழுத்த மாதிரி நின்றுவிட, மொத்த ஊரும் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே திரும்பியது. அஸ்லே பாழாய்ப்போன தன் பலகையை மன்றக் குடிலின் கதவில் தொங்கவிட்டு, மேலே ஒரு அட்டையும் அடித்தான். ‘தூசி வராது – ஹெர்டிஸ்.’ அதைப் பார்த்து அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். காருக்குள் போய் அழுதாள்.

விஷயம் பிடிபட்டது அலுவலகச் சாப்பாட்டு மேசையில். எதிரே அவளுடைய மேலாளர் டிட்ரிக், பெர்கன்காரன், பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். வெளியே தூறல்.

“உன் ஊர இங்கயும் கூட்டிட்டு வந்துட்டியா?” என்றாள் ஹெர்டிஸ்.

“எங்க மழையப் பத்தி மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு என்ன தெரியும்? ஈரம் தாங்கலன்னா நாங்க உல்ரிக்கன் மலை மேல ஏறிடுவோம். சில நாள் மேகம் காலுக்குக் கீழ கெடக்கும்.”

“மழை பெய்யறப்பவா?”

“பெய்யறப்பதான். கீழ எங்கம்மா குடையோட கடைக்குப் போவாங்க. மேல நான் சட்டையக் கழட்டிட்டு ஆரஞ்சு உரிச்சிட்டிருப்பேன்.”

ஹெர்டிஸ் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். தான் எழுதியதைத் திறந்து பார்த்தாள். மேற்குக் கரையின் மழையை அவள் வானத்தின் உச்சி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தாள். எந்த அளவையும் வைத்து எழுதியதல்ல அது. ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்த வால்ட்ரெஸ்காரி எழுதினாள், அவ்வளவுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. டிட்ரிக்கிடம் போய்ச் சொன்னபோது அவன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

மேகங்களின் உண்மையான உயரத்தை வாங்கி மழையைக் கீழே இறக்கினாள். போன வருடத்துக் காற்றை மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை தூசி மழைக்கு மேலே சாவதானமாக மலையைக் கடந்து, சனிக்கிழமை காலை வால்ட்ரெஸில் இறங்கியது.

இந்த வருடம் ஈஸ்டர் வாரத்துத் திங்கட்கிழமை, சஹாராவில் ஒரு புயல் கிளம்பியிருந்தது. அண்ணனுக்கு அவளே போன் போட்டாள்.

“அஸ்லே, பந்தயத்த வியாழக்கிழமையே வெச்சுரு. சனிக்கிழமை தூசி எறங்குது.”

“போன வருஷம் வராதுன்ன, வந்துச்சு. இப்ப வரும்ங்கற. வரலன்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?”

“தப்பு பெர்கன் மழையில இருந்துச்சு. அத எறக்கிட்டேன்.”

“மழைய எறக்கிட்டியா. சரிதான், முத்திப்போச்சு.” போனை வைத்துவிட்டான்.

ஆனால் பந்தயம் வியாழக்கிழமைதான் நடந்தது. பாதிப் பேர் விடுமுறைக்கு வந்த மலைவீட்டில் மூட்டையைக்கூடப் பிரிக்காமல் முணுமுணுத்துக்கொண்டே சறுக்கினார்கள். முடிவுக் கோட்டருகே அண்ணி மெல்லச் சொன்ன பிறகுதான் ஹெர்டிஸுக்கு விஷயமே தெரிந்தது. தூசி வராவிட்டால் தலைவர் பதவியை விட்டுவிடுவதாக அஸ்லே மன்றத்தில் வாக்குக் கொடுத்திருந்தான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று அண்ணனைப் பிடித்துக் கேட்டாள்.

“சொல்லியிருந்தா கணக்க மாத்தியிருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் என்னத்துக்குச் சொல்லணும்?”

சனிக்கிழமை காலை வானம் கழுவி விட்ட மாதிரி நீலம். பனி அப்படியொரு வெள்ளை, பந்தயத்துக்கென்றே விழுந்த பனி. வேடிக்கை பார்க்கவென்றே ஊர் முழுக்கக் குடில் வாசலில் வந்து கூடியது. “ஹெர்டிஸ், ஒட்டகம் எதாச்சும் கண்ணுல படுதா?” என்று காப்பிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அஸ்லே யாரையும் பார்க்காமல் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தான். ஹெர்டிஸ் பயந்தாள். தனக்காக இல்லை, அவனுக்காக. ஒதுங்கிப் போய் டிட்ரிக்குக்குப் போன் போட்டாள். அவன் ஈஸ்டருக்கு அம்மா வீட்டில் இருந்தான்.

“அங்க மழையா?”

“கேக்கணுமா?”

“தூசியக் கழுவுச்சா?”

“ஜன்னல்ல கொஞ்சம் அழுக்கு. மிச்சத்த ஒனக்குத்தான் அனுப்பியிருக்கேன்.”

மதியத்துக்கு முன்பே சூரியன் எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் போன மாதிரி மங்கியது. தென்மேற்கு மலை மஞ்சளாகி மறைந்தது. ஈரப்பனி லேசாக விழ ஆரம்பித்தது. யாரோ தன் வாஃபிளின் வெள்ளைப் பாலேட்டை உற்றுப் பார்த்தார்கள், அதில் பழுப்புப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் பந்தயப் பாதை முழுக்கத் துரு நிறமாகிவிட்டது. ஹெர்டிஸுக்கு ஆனந்தம் தாங்கவில்லை, முகமெல்லாம் பழுப்பாக நனைந்துகொண்டு அப்படியே நின்றாள்.

அஸ்லே அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான். ஒரு கை பனியை அள்ளி வாயில் போட்டான். நிதானமாக, எல்லோரும் பார்க்க மென்றான்.

“மணல்,” என்றான். “எங்கப்பா மில்லுத் தூசி இல்ல. யாருக்காச்சும் சந்தேகம் இருந்தா வந்து கடிச்சுப் பாக்கலாம்.”

பழைய ஆட்கள் சிலர் குனிந்து கடித்துப் பார்க்கவும் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஹெர்டிஸிடம் வந்து தொப்பியைக் கழற்றினார். அஸ்லே கதவிலிருந்த அட்டையைப் பிய்த்துத் திருப்பி, கரித்துண்டால் என்னவோ எழுதி, அதே ஆணியில் மாட்டினான்.

‘அடுத்த வருடப் பந்தயம்: ஹெர்டிஸ் சொல்கிற நாள்.’