ஒன்பது வருடம் நண்டு தின்னாதவள்

என் மனைவிக்கு ஒன்பது வருடமாக உடம்பு அரித்துக் கடித்தது. முழங்காலுக்குக் கீழே இரத்தம் கசியும்வரை சொறிவாள். நண்டு, கணவாய், கத்தரிக்காய் எல்லாம் கிரந்திச் சாப்பாடு, கடியைக் கிளப்பும் என்று சொல்லி அவளைச் சாப்பிடவிடாமல் தடுத்தவன் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த நான், சிறுவயதில் கேட்டதை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அவள் எனக்கு நண்டுக்கறி காய்ச்சித் தந்துவிட்டுப் பருப்போடு சாப்பிட்டாள்.

இந்த வருடம்தான் சாவகச்சேரியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம்.

"இது காய்ஞ்ச தோல், அம்மா. நல்ல சுடுதண்ணியிலை கனநேரம் குளிக்காதேங்கோ. குளிச்ச ஈரம் காயமுன்னம் இந்தக் கிறீமைப் பூசுங்கோ. கடி நிண்டாலும் நிப்பாட்டாமல் ஒவ்வொரு நாளும் பூசவேணும்."

"அப்ப நண்டு சாப்பிடலாமோ?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"ஓம், தாராளமாய். ஆர் வேண்டாமெண்டது?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மருத்துவர் எழுதித் தந்த மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஒன்பது வருடம்.

காலையும் மாலையும் தவறாமல் பூசினாள். ஒரு மாதத்தில் கால்களில் புதிய கீறல் ஒன்றும் இல்லை. அன்று சந்தையில் நண்டு வாங்கிவந்து நானே காய்ச்சினேன்.

"உறைப்புக் காணாது, இன்னும் தூள் போட்டிருக்கலாம்," என்றாள், நண்டுக்காலை உடைத்து உறிஞ்சியபடி. "பரவாயில்லை. வாத்தியார் இனிப் பருப்போடை சாப்பிடுங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.