செல்வராசு சயாமில் பார்த்தவர்கள்

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் பழுப்புத் தாளில்தான் அண்ணி ஒரு காதல் கதையை எழுதினாள். அதற்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பில்தான் பென்சில் பிடிக்கும். துரைமார் ஓடிப்போய், ஜப்பான்காரன் வந்து, தொழிற்சாலை பாதி நின்றுபோன காலம் அது. தேயிலையே போகாதபோது பெட்டிக்குத் தாள் எதற்கு? தானா ராத்தா ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தோட்டத்தில் அந்தத் தாளுக்கு மட்டும் பஞ்சமில்லை. அரிசியைத்தான் கண்ணால் பார்க்க முடியவில்லை.

ரயில் பாதை போட வேண்டுமென்று அண்ணனையும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்கள் பலரையும் லோரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் அம்மா, அண்ணி, அவளுடைய கைக்குழந்தை, கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த நான். மரவள்ளிக் கிழங்கையே தின்று குழந்தையின் கால் வீங்கிப்போயிருந்தது. மிஷன் பள்ளியில் படித்த அண்ணிக்கு எழுத்தைத் தவிர வேறு சொத்து இல்லை. கதை எழுதி விற்கப் போவதாக அவள் சொன்னதும், "கஞ்சிக்கே வழியக் காணோம், காதல் கேக்குதாக்கும்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் வரி எழுதும் முன்பே அண்ணி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கொழுந்து பறிக்கும் பவளம், தொழிற்சாலையில் அடுப்பெரிக்கும் செல்வராசு. நிச்சயம் ஆன மறுநாள் அவனைச் சயாமுக்குப் பிடித்துப் போகிறார்கள். வாரம் ஒரு பாகம். அவன் தப்பித்து, பாகத்துக்குப் பாகம் ஊரை நோக்கிக் கொஞ்ச தூரம் நடப்பான், ஆனால் வந்து சேரமாட்டான். "வந்துட்டா கல்யாணம்தான். கல்யாணம் ஆயிட்டா அப்புறம் யாரு புள்ள நமக்குக் கிழங்கு குடுப்பா?" என்பாள். முதல் பாகத்தைத் தண்ணீர்க் குழாயடியில் என்னைச் சும்மாவே வாசிக்கச் சொன்னாள். காட்டுக்குள் செல்வராசின் தோளில் ஒரு கை விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அது யார் கை என்று தெரியாமல் லயமே தவித்தது. அடுத்த பாகத்துக்குச் சோளமும் கருவாட்டுத் துண்டும் வீடு தேடி வந்தன. என் பேத்தி கைபேசியில் படிக்கும் காதல் தொடர்களும் இப்படித்தான் நிற்கின்றன. ஆனால் அவளுக்கு அடுத்த பாகம் பொழுதுபோக்கு, எங்களுக்கு அது ராத்திரிச் சாப்பாடு.

அந்தக் கை சயாமுக்குப் போன இன்னொரு தோட்டத்து ஆளுடையது என்று இரண்டாம் பாகத்தில் வந்தது. அதைக் கேட்ட பக்கத்து லயத்துக்காரி ஒரு கோழிமுட்டையை மடியில் மறைத்துக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டுக்காரரையும் செல்வராசு பாத்தான்னு ஒரு வரி போட்டுவிடு லா" என்றாள். பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். புருசன் பெயரை வாயால் சொல்லலாமா? "பழனி மலைமேல நிக்கிறவரு பேருதான்" என்றாள். அடுத்த பாகத்தில் செல்வராசு பழனியாண்டியைப் பார்த்தான். பழனியாண்டி சோறு தின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுப்பதுபோலப் பெண்கள் வந்துவிட்டார்கள். பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லவைத்தார்கள். கொடுக்க ஒன்றுமில்லாத ஒருத்தி, தன் புருசன் பெயர் கதையில் வரவே இல்லை என்று பொட்டை அழித்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி பதறிப்போனாள். அதன்பிறகு எதுவும் வாங்காமலேயே எல்லோர் பெயரையும் எழுதினாள்.

என் அண்ணன் பெயர் மட்டும் வரவில்லை. "ஊரான் புள்ளையெல்லாம் பாக்குறானே, எம்புள்ள மட்டும் அவன் கண்ணுல படலையா?" என்று அம்மா வாராவாரம் புலம்புவாள். நான் அண்ணியிடம் சண்டைக்கே போனேன். புருசன் பெயரைத் தான் எப்படி எழுதுவது என்று அவள் மழுப்பினாள். நான் எழுதுகிறேன் என்று பென்சிலைப் பிடுங்கியபோதுதான் உள்ளதைச் சொன்னாள்.

"வேணாம் புள்ள. மத்தவங்களுக்கு இது சேதி. எனக்கு நான் கட்டுன கதை. அவரையும் இதுக்குள்ள போட்டுட்டா அவரு வருவாருன்னு நான் எப்படி நம்புறது?"

எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. படித்தவளுக்குத் திமிர் என்று நினைத்தேன்.

சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் படுத்துக் கிடப்பதாகப் பேச்சு வந்தது. அண்ணன் போன லோரியில் போனவன் அவன். அண்ணி குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு நடந்தே போனாள். மறுநாள் திரும்பி வந்தவள் கால் சேற்றைக்கூடக் கழுவவில்லை. தாளை எடுத்து வைத்து எழுதினாள். முடித்ததும் என்னிடம் நீட்டினாள்.

செல்வராசு ஆற்றங்கரையில் ஆறுமுகத்தைப் பார்க்கிறான். ஆறுமுகத்தின் காலில் புண் இல்லை, உடம்பில் காய்ச்சல் இல்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மர நிழலில் படுத்திருக்கிறார். என் அண்ணன் பெயரை அவள் கையாலேயே முழுசாக எழுதியிருந்தாள். அண்ணன் செத்துப்போனான் என்று அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நிமிர்ந்தேன்.

"படி புள்ள. அத்த கேக்கட்டும்" என்றாள் அண்ணி.

படித்தேன். அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். "சாப்புட்டானாமா? வயிறாரச் சாப்புட்டானாமா? அந்த எடத்த இன்னொருக்கா படிடி" என்றாள். அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். நான் அந்த இடத்தை இன்னொரு தரம் படித்தேன்.