ஓடாத வெள்ளிக் கடிகாரம்

பழைய பாக்கெட் கடிகாரங்களை வாங்கி ஓட வைப்பதில் எனக்குப் பைத்தியம். பெரகல சந்தியில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு வெள்ளிக் கடிகாரம் மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சுருள்வில்லை மாற்றினேன். எண்ணெய் விட்டேன். முள் அசையவே இல்லை. பண்டாரவளையிலும் பதுளையிலும் ரிப்பேர்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். எரிச்சலில் அதை அலமாரிக்குள் தள்ளினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா தேடி வந்தார். கணவர் இறந்ததும் அவருடைய வெள்ளிக் கடிகாரத்தை மகன் அந்தக் கடையில் விற்றுவிட்டானாம். கடைக்காரர்தான் என் வீட்டைச் சொல்லியிருக்கிறார்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேங்க."

அதே கடையில் வாங்கிய, நன்றாக ஓடும் மூன்று வெள்ளிக் கடிகாரங்களை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இல்லீங்க" என்று திருப்பித் தந்தார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எப்படிம்மா சொல்றீங்க?"

"பாக்க எல்லாம் ஒண்ணு போலத்தாங்க இருக்கு. ஆனா அவரோடது ஓடாதுங்க. வாங்குனதுலருந்தே ஓடல. ஆனா கோயிலுக்குப் போறப்ப சட்டைப் பையில போட்டுக்குவாரு. பெருமையா எடுத்துப் பாத்துட்டு, பக்கத்துல உள்ளவங்ககிட்ட மணி கேப்பாரு."

அலமாரியைத் திறந்து அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தேன். காதில் வைத்தவுடன் முகம் மலர்ந்தது.

"இதுதாங்க. நீங்க ரிப்பேர் பண்ணிடலயே?"

"எவ்வளவோ பாத்தேன், முடியலம்மா."

"நல்லதாப் போச்சுங்க."

அவரிடமே கொடுத்தனுப்பினேன். நான் அதைச் சரிசெய்திருந்தால், தன் கணவருடையதைக் கையில் பிடித்தபடியே அந்த அம்மா "இது இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.