அக்கா செயின் துடைத்த காலை

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் அப்பாவுடையதாக இருந்தாலும் அதன் செயின் அக்காவின் பொறுப்பில்தான் இருந்தது. எங்கள் புதூர்நாட்டு மலைப் பக்கம் மழை பெய்தால் பாதிச் சாலை செயினில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். அதை எடுத்துவிடும்படி அக்காவிடம் யாரும் சொன்னதில்லை. திருப்பத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவளுக்கு அழுக்கு எங்கே இருந்தாலும் கை பரபரக்கும்.

செல்போனில் பார்த்துத்தான் அந்த வேலையைக் கற்றிருந்தாள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துவாள். எஞ்சினை அணைத்துச் சாவியை வீட்டுக்குள் ஆணியில் மாட்டிவிடுவாள். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, பின்சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, செயினின் ஒவ்வொரு கண்ணியையும் தேய்ப்பாள். பிறகு பல்சக்கரத்தின் இடுக்குகள். துணியால் துடைத்துக் காயவிட்டு, கடைசியில் சொட்டுச் சொட்டாக ஆயில். வண்டிக்குக் கட்டுப் போடுகிறாள் என்று அப்பா கேலி செய்வார். கேலியில் பெருமைதான் அதிகம். எங்கள் ஊரிலிருந்து நர்சிங் படிக்கப் போன முதல் பெண் அவள்.

அன்றைக்கு அவளுக்குச் செய்முறைத் தேர்வு; அடிவாரத்தில் பஸ் ஏற்றிவிட அப்பா வண்டியில் கூட்டிப்போவதாக இருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் செயின் மண்ணேறிக் கரகரத்துக்கொண்டிருந்தது. இப்படியே மலையிறங்கினால் வளைவில் செயின் கழன்றுவிடும் என்று அக்கா விடியும்போதே உட்கார்ந்துவிட்டாள். அம்மா சாமைக் கொல்லையில் களையெடுக்கப் போயிருந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, இன்னும் முடிக்கலியா? பஸ் போய்டும்."

"பாதிதாம்பா ஆச்சி. தொடைக்கணும்."

"கையால சுத்திக்கினு இருந்தா எப்ப முடியறது? ஓட வுட்டா ஒரு நிமிசத்துல ஆய்டும்." உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார்.

"வேணாம்பா, அப்டி செய்யக் கூடாது."

"நேரமாவுதுன்றேன். துணிய மட்டும் வச்சிப் புடி. நான் இங்கதான நிக்கிறேன்."

எஞ்சினை உதைத்துக் கிளப்பி முதல் கியரைப் போட்டார். பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. அக்கா ஒரு கணம் தயங்கிவிட்டுத் துணியை வைத்தாள். துணியின் ஒரு முனை பல்சக்கரத்தில் மாட்டியது. அது துணியை இழுத்தது. துணி அவள் கையை இழுத்தது.

அவள் கத்தவில்லை. அப்பாதான் கத்தினார். எஞ்சினை நிறுத்திய பிறகும் விரல்கள் வெளியே வரவில்லை. அவற்றை எடுக்கச் சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டியிருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு நின்றார். அக்காவே இடது கையால் சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில் மூவரும் மலையிறங்கினோம். வழியெல்லாம் அக்கா, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, துணியை எப்படி அழுத்திக் கட்டுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"எஞ்சின ஓடவிட்டுட்டா தொடச்சீங்க? யாரும்மா ஸ்டார்ட் பண்ணது?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா சொன்னாள்: "நான்தான் சார். பஸ்ஸுக்கு லேட்டாய்டுச்சின்னு நானே பண்ணிட்டேன்."

"இல்ல, அப்பாதான்..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. காயம் ஆறியதும் அக்கா கல்லூரிக்குப் போனாள். இடது கையால் ஊசி பிடித்துப் பழகினாள். மருந்துக் குப்பியைப் பிடிக்க வேண்டிய வலது கையில் பிடி நிற்கவில்லை. குப்பிகள் விழுந்து உடைந்தன. கொஞ்ச காலம் கழித்து வெள்ளைச் சீருடையை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டு, அம்மாவோடு கொல்லை வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் நாங்கள் நால்வரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்கா மிச்ச விரல்களால் சோற்றைத் திரட்டினாள். அது தட்டிலேயே சிந்தியது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா உடைந்துபோனாள்.

"அவ்ளோ படிச்சவளுக்கு அறிவு வாணாமாடி? ஓடற வண்டியில யாராச்சும் கைய வப்பாங்களா? உன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கினியே!"

அக்கா நிமிரவில்லை. "ஆமாம்மா, என் தப்புதான்," என்றாள்.

அப்பா எழுந்தார். கை கழுவப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தார். சாப்பிட்ட கொஞ்சமும் வெளியே வந்த பிறகும் நிற்கவில்லை.

எனக்கு அக்கா மேல்தான் கோபம். பொய் சொல்லி அப்பாவைத் தப்பிக்க வைத்துவிட்டாளே என்றிருந்தது. உள்ளே ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன்: "அப்பாவுக்குக் கொழம்பு ஒத்துக்கலம்மா. நாளைக்கு ரசம் வச்சிடு."