துண்டுக்குச் சொன்ன ஆறுதல்

சென்ற ஆண்டு பள்ளிகள் திறந்த சமயம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் வாடகை வீட்டில் அக்கா, அவளுடைய நாலு வயது மகள், நான் என மூன்று பேர் இருந்தோம். அத்தான் இல்லை. கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததில், ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

குழந்தைக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தோம். 'அப்பா ஊருக்குப் போயிருக்காங்க' என்று சொல்லி வைத்தோம். வீட்டில் எங்களுக்குத் தமிழ்தான். ஆனால் டாக்டர் சொன்னதைப் பேச வேண்டி வந்தால், நானும் அக்காவும் குரலைத் தாழ்த்தி மலையாளத்துக்கு மாறிவிடுவோம். பிள்ளை கேட்கக் கூடாததை மலையாளத்தில் பேசுவது எங்கள் தெருவில் பல வீடுகளில் உள்ள வழக்கம். அவளை அப்போதுதான் அங்கன்வாடியில் சேர்த்திருந்தோம். அதற்குள் என்ன புரிந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

சில வாரங்களில் அங்கன்வாடி டீச்சர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், இந்த மாதிரி விஷயமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள்.

"மோளு இங்க வாயே திறக்கறதில்ல, கேட்டோ. நான் பேச்சு தொடங்கினா மேசைக்கடியில போய் இருக்கும். காது ஒண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

அக்கா உடைந்து போனாள். "அவுக அங்க படுத்த படுக்கையா கெடக்காக. இவளுக்கும் என்னமும் ஆச்சுன்னா நான் என்னடே செய்வேன்?"

மறுநாள் மத்தியானம் காது டாக்டரிடம் கிளம்பினோம். குழந்தையைக் கூப்பிட உள்ளறைக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுமை தூக்கும்போது அத்தான் தலையில் கட்டும் துண்டைச் சுருட்டி, கைக்குழந்தை மாதிரி மடியில் போட்டிருந்தாள். அக்காவின் அதே தாழ்ந்த குரலில், தப்பில்லாத மலையாளத்தில் சொன்னாள்: "நட்டெல்லாணு. இனி சுமடு எடுக்கான் பற்றில்லா." முதுகெலும்பாம், இனி சுமை தூக்க முடியாதாம். பிறகு துண்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தமிழில்: "அழாத மக்கா. நான் இருக்கேம்லா."

பயமுறுத்தும் செய்தி முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஆறுதல் வார்த்தை ஒன்றைக்கூட நாங்கள் சொல்லவில்லை. அதை அவளே எங்கிருந்தோ உண்டாக்கி, தனக்கு வைத்துக்கொள்ளாமல் அந்தத் துண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மலையாளம் என்றாலே கெட்ட செய்தி என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. டீச்சர் வாய் திறந்ததும் ஒளிந்தது அதனால்தான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். குழந்தை அழவில்லை.

"அப்பாவுக்கு யாரு ஊட்டிவிடுதா?"

"நான்தான்."

"போயிட்டு வாரேன்னு என்னை விட்டுட்டுப் போவாத. நானும் ஊட்டுவேன்."

காது டாக்டரை விட்டுவிட்டு, அவளை அத்தானிடம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவள் இட்லியைப் பிட்டு ஊட்ட, "ஏ பிள்ளே, அது மூக்கு. வாய் கீழ இருக்கு" என்றார் அத்தான். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டீச்சரிடமும் விவரத்தைச் சொன்னேன். பேச்சு உடனே வந்துவிடவில்லை. முதலில் தலையாட்டல், பிறகு ஒற்றைச் சொல். ஓணம் விடுமுறை முடிந்து போனபோது டீச்சர் சிரித்தார்: "இனி வாயை அடைக்கத்தான் மருந்து வேணும், கேட்டோ!"

அத்தான் இப்போது மெல்ல நடக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவை எப்படியோ சமாளித்துவிட்டோம். ஆனால் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் மறைத்ததற்கு விலையாகப் போனது, ஒரு நாலு வயதுக் குழந்தை ஓயாமல் பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு முழு மழைக்காலம்.