பக்கத்து ஆலைப் புகைக்குக் காவல்

உலக நாடுகளெல்லாம் ஏதோ ஒரு குளிர்தேசத்தில் கூடி, புகையைக் குறைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அதிக காலம் புகை விட்டவன் முதலில் நிறுத்தட்டும் என்று ஒரு கட்சி. இப்போது அதிகம் விடுகிறவன் நிறுத்தட்டும் என்று மறு கட்சி. தொலைக்காட்சியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் கும்மிடிப்பூண்டி மட்டும் ரொம்ப யோக்கியம் என்ற நினைப்பு.

நான் அங்கே ஓர் இரும்பு உருக்காலையில் மேற்பார்வையாளன். பக்கத்திலேயே புதுவாயலில் வாடகை வீடு. கொடியில் காயும் வேட்டி கறுத்துப்போனால் மறுபடி துவைத்துக்கொள்ளலாம். என் மனைவிக்கு இளைப்பு நோய். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் பேச்சே வராது அவளுக்கு. ஆலைகளில் புகையை வடிகட்டும் பில்டர் இல்லாமல் இல்லை. கரண்டு செலவாகுமே என்று, அதிகாரி வரும் நாளில் மட்டும் ஓட்டுவார்கள். கடவுளுக்குப் பட்டு சாத்துவது போல.

ஊர்மக்கள் சாலையை மறித்த பிறகு முதலாளிகள் கூடினார்கள். எங்கள் முதலாளிக்குப் பின்னால் நானும் நின்றேன்.

"நீ ரொம்ப வருசமா ஊதிக்கினு இருக்க, நான் நேத்து வந்தவன். நீ மொதல்ல பில்டரப் போடு நைனா," என்றார் ஒரு முதலாளி.

"எனுக்கு ஒரே சிம்னி, உனுக்கு மூணு. நீ இன்னா எனுக்குப் புத்தி சொல்ற?" என்றார் மற்றவர்.

பிரியாணி வரும்வரை இதே பாட்டு. வயிறு நிறைந்ததும் ஒப்பந்தம் பிறந்தது. எல்லோரும் பில்டர் ஓட்டுவது. ஆனால் பக்கத்து ஆலை ஓட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான். ஒரே கைதட்டல். இனிமேல் கவலையில்லை என்று மனைவியிடம் சொல்லி, அவளுக்கு மல்லிகைப்பூகூட வாங்கிப்போனேன்.

மறுநாள் காலை முதலாளி என்னை மொட்டைமாடிக்கு அனுப்பினார். "பில்டர் ஓடி அவன் புகை வெளுத்தா குரல் குடு, நம்மள்தப் போட்லாம்."

ஏறிப் பார்த்தால் பக்கத்து ஆலை மாடியில் அவர்கள் மேற்பார்வையாளர், நெற்றியில் கைவைத்து எங்கள் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் இன்னொரு மாடி, இன்னொரு தலை. என்ன ஆச்சு என்று அவர் கையை விரித்தார். நானும் விரித்தேன். அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சாப்பாடு மாடிக்கே வந்தது. புகை மட்டும் வெளுக்கவில்லை.

வீட்டில் இதைப் பெரிய நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. மூச்சு ஓரளவு திரும்பும்வரை பொறுத்திருந்து கேட்டாள்:

"அவன் புகைய நீ பாக்குற, உன் புகைய அவன் பாக்குறான். என்னைய யாருய்யா பாக்குறீங்க?"